மேசைக்கு அடியில் ஒரு பூனை

கோட்டயத்துப் பக்கம் பனந்தோட்டம் வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் வேலையாட்கள் மட்டும்தான். அந்த வீட்டின் மூத்த மகன் குரியாக்கோஸ், மெல்பர்னின் கிளேட்டன் பகுதியில், நான்கு மாதமாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

தபால் பெட்டியில் வந்து விழும் கடை விளம்பரத் தாள்களைக் கம்பளத்தின்மேல் விரித்து, அதைச் சுற்றி நான்கு பேரும் உட்காருவார்கள். மூன்று வயது மகன் யோஹான் குழம்பைச் சிந்துவான். மஞ்சள் கறை கம்பளத்தில் இறங்கினால் வாடகை வீட்டு ஏஜென்ட் பார்வைக்கு வரும் நாளில் பதில் சொல்லவேண்டும் என்று மனைவி பின்சி ஈரத்துணியோடு பாய்வாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய விசாவில்தான் குடும்பமே வந்திருந்தது. ஊரில் மாதா கோயில் கணக்கைப் பார்க்கும் கைக்காரனாக இரண்டு முறை இருந்த குரியாக்கோஸ், இங்கே ரொட்டித் தொழிற்சாலையில் தட்டு அடுக்கினான். அதை அவன் தன் அப்பாவுக்கு எழுதவில்லை. "உணவுத் துறை" என்று எழுதியிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது தங்கச்சன் அவன் தோளைத் தட்டினார். தங்கச்சன் அந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருஷம். மலையாளிக் குடும்பங்களுக்கெல்லாம் அவர்தான் நாட்டாமை.

"குரியாச்சா, வர்ற வாரம் நம்ம பக்கம் ஹார்ட் ரப்பிஷ். கவுன்சில் லாரி வர்றதுக்கு முன்னாடி அவனவன் வேண்டாததை வாசல்ல வச்சிடுவான். காலையில ஒரு சுத்து சுத்தினா உன் வீடு நிறைஞ்சுடும். என் வீட்டுல மாமியாரைத் தவிர எல்லாமே தெருவுலேர்ந்து வந்ததுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். குரியாக்கோஸ் சிரிக்கவில்லை. அவன் முதுகு தானாக நிமிர்ந்தது.

"எங்க குடும்பத்துல அடுத்தவங்களுக்குக் குடுத்துதான் பழக்கம் சேட்டா. தூக்கிப் போட்டதை எடுத்துப் பழக்கமில்ல."

சிரிப்பு அடங்கியது. பக்கத்தில் நின்ற சாஜன் டீயைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனும் நர்ஸின் கணவன்தான். அவன் மனைவி லின்டாவும் பின்சியும் ஒரே வார்டு. சாஜன் மூன்று வருஷத்துக்கு முன்பு வந்தவன். அவன் வீட்டில் பாதிப் பொருள் எப்படி வந்தது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும், குரியாக்கோஸைத் தவிர.

"சரிதான்," என்றார் தங்கச்சன். "புலி பசிச்சாலும் புல்லைத் தின்னாது. ஆனா இந்த ஊர்ப் புலியெல்லாம் சாலட்தான் தின்னுது, பாத்துக்க." பிறகு விரலை மடக்கி எண்ணினார். "அப்புறம், அடுத்த சனிக்கிழமை ஜெபக்கூட்டம் உன் முறை. பதினோரு குடும்பம். ஜோபி அச்சனும் வருவார். சாப்பாடு பின்சி பாத்துக்கட்டும்."

பாதிரியார் வருகிறார் என்றால் மறுக்க முடியாது. மறுத்தாலும் கௌரவக் குறைவு, கூட்டி வந்து தரையில் உட்காரவைத்தாலும் கௌரவக் குறைவு.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. பின்சி காலை ஷிப்டுக்குப் போய்விட்டாள். குரியாக்கோஸ் யோஹானைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து, ஏழு வயது மகள் இவாவைக் கையில் பிடித்துக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பினான். மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டு வாசல் புல்வெளியில், ஒரு பழைய மெத்தைக்கும் உடைந்த வலைத்தொட்டிலுக்கும் நடுவில், அந்த மேசை நின்றது.

நல்ல கனமான மரம். எட்டுப் பேர் அமரலாம். மேலே ஓரிடத்தில் சூடான பாத்திரம் வைத்த வெள்ளை வட்டம் ஒன்று. அதைத் தவிர ஒரு குறையும் இல்லை. குரியாக்கோஸ் கடந்து போனான். தெருமுனைவரை போய்த் திரும்பினான். வீட்டில் திரைச்சீலைகள் மூடியிருந்தன, கார் இல்லை. யார் வீடு என்று அவனுக்குத் தெரியாது. எதிரே நாயோடு நடந்து வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், "நல்ல மேசை, விட்டுடாதே," என்று அவர் பாஷையில் சொல்லிவிட்டுப் போனார். அந்த நல்லெண்ணம் குரியாக்கோஸுக்குச் சாட்டையடி மாதிரி இருந்தது. ஊரில் அறுவடை முடிந்ததும் பழைய வேட்டிக்கும் பாத்திரத்துக்கும் பின்கட்டு வாசலில் வந்து நிற்பவர்களின் நிற்பு அவனுக்குத் தெரியும். ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறு காலைத் தூக்கலாமா வேண்டாமா என்று நிற்பார்கள். அவன் இப்போது அப்படித்தான் நின்றுகொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போய் ஸ்பானர் எடுத்து வந்தான். மேசையைப் புல்லில் கவிழ்த்துக் கால்களைக் கழற்றினான். யோஹானை இறக்கி நடக்கவிட்டுப் பலகையைத் தள்ளுவண்டியில் கிடத்தினான். திருகாணிகளை இவா இரண்டு கைகளிலும் பொத்திக்கொண்டாள். கவிழ்ந்திருந்த பலகையின் அடிப்புறத்தைப் பார்த்து அவள்தான் சிரித்தாள்.

"அப்பா, இந்தப் பூனைக்கு ஆறு கால்."

ஊதா நிறப் பேனாவில் ஒரு பூனை. அதற்குக் கீழே கோணல்மாணலாக அலீனா என்று ஆங்கில எழுத்தில் ஒரு பெயர். மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு யாரோ ஒரு குழந்தை வரைந்திருக்கிறது. யாரோ வெள்ளைக்காரப் பிள்ளை என்று குரியாக்கோஸ் நினைத்தான். வீட்டுக்கு வந்ததும் பாத்திரச் சோப்பைப் போட்டுத் தேய்த்துப் பார்த்தான். பூனை போகவில்லை. மேசைக்கு அடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டான்.

மத்தியானம் வந்த பின்சி மேசையைத் தடவிப் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷம்தான்.

"எந்தத் தெருவுல கிடைச்சது இச்சாயா?"

"கேக்கறவங்ககிட்ட கடையில வாங்கினதுன்னு சொல்லணும். இவா, உனக்கும்தான்."

"தெருவுலேர்ந்து எடுத்தா என்ன குறைஞ்சுபோச்சு? எங்க வார்டு டாக்டரம்மாவே அலமாரி எடுத்துட்டுப் போறாங்க. பிள்ளைகிட்டப் பொய் சொல்லச் சொல்லாதீங்க."

"இது பொய் இல்ல பின்சி. வீட்டு விஷயம் வீட்டோட இருக்கணும். அவ்வளவுதான்."

இவா தலையாட்டினாள். அப்பா சொல்வதை அவள் மறுத்துப் பேசியதே இல்லை. அது அந்தக் குடும்பத்துப் பழக்கம்.

சனிக்கிழமை சாயங்காலம் பதினோரு குடும்பமும் வந்தது. ஜெபமாலை முடிந்தது, பாட்டு முடிந்தது. பின்சியின் அம்மா பின்னிக் கொடுத்த வெள்ளை விரிப்பு மேசையின் நான்கு பக்கமும் முழங்கால்வரை தொங்கியது. அதன்மேல் மரவள்ளிக் கிழங்கு, புளி போட்ட மீன்குழம்பு, மாட்டிறைச்சி வறுவல், ஆப்பம். ஆண்கள் தட்டோடு சுற்றி நின்றார்கள். குரியாக்கோஸ் மேசையின் தலைமாட்டில், அவன் அப்பா நிற்பதுபோல நின்றான்.

லின்டா மீன்குழம்புச் சட்டியை நகர்த்தினாள். விரிப்பு கொஞ்சம் விலகி அந்த வெள்ளை வட்டம் தெரிந்தது. அவள் ஒரு கணம் அதைப் பார்த்தாள்; பிறகு விரிப்பை இழுத்துச் சரியாக மூடி, அதன்மேல் ஆப்பத் தட்டை வைத்தாள். எவ்வளவு பாங்கான பெண் என்று குரியாக்கோஸ் நினைத்துக்கொண்டான்.

"மேசை ஜோரா இருக்கே, எங்க எடுத்த?" என்று தங்கச்சன் கேட்டார்.

"ஓக்லி பக்கம் ஒரு கடையில. மரம் பாத்துத்தான் வாங்கினேன்."

"பரவாயில்லையே. நானெல்லாம் ஒட்டுப்பலகையிலயே காலத்தை ஓட்டிட்டேன்."

அப்போதுதான் விரிப்பைத் தூக்கிக்கொண்டு சாஜனின் மகள் வெளியே வந்தாள். எட்டு வயது, முன்பல் ஒன்று இல்லை. அவளும் இவாவும் மேசைக்கு அடியில் வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் முகம் முழுக்க ஒரே மகிழ்ச்சி. தொலைந்த பொருளைக் கண்டெடுத்த மகிழ்ச்சி.

"அம்மா, இது நம்ம மேசை. என் பூனை இருக்கு."

அவள் பெயர் அலீனா என்பது குரியாக்கோஸுக்கு வந்த நாளிலிருந்தே தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் கேட்ட பெயர்தான். ஆனால் பூனைக்குக் கீழே இருந்த பெயரும் இவளும் ஒன்று என்று இந்த நிமிஷம்வரை அவனுக்குத் தோன்றவில்லை.

"இல்ல மோளே," என்றான். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "இது கடையில வாங்கினது. இதே மாதிரி நிறைய மேசை இருக்கும்."

"இல்ல அங்கிள். ஆறு கால் பூனை. நான்தான் வரைஞ்சேன். என் பேரும் இருக்கு. கீழ குனிஞ்சு பாருங்க."

யாரும் குனியவில்லை. பாதிரியார் கையில் ஆப்பத்தோடு நின்றார். தங்கச்சன் மீன் முள்ளை எடுப்பதில் மும்முரமானார். கொஞ்சம் இடுப்பை வளைத்தால் தெரிந்துவிடும் ஒரு விஷயத்துக்கு, அத்தனை பெரியவர்களில் ஒருவருக்கும் இடுப்பு வளையவில்லை.

"இவாவைக் கேளுங்க," என்றாள் அலீனா. "இவாவும் பாத்தா. சொல்லு இவா."

இவா விரிப்புக்குப் பக்கத்தில் எழுந்து நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் போலவே முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். "எங்க அப்பா கடையில வாங்கினாங்க."

சாஜன் தட்டைக் கீழே வைத்தான். "அலீனா, போதும். பெரியவங்க சொல்றாங்கல்ல? அங்கிள்கிட்ட மன்னிப்பு கேளு."

"நான் பொய் சொல்லல பப்பா."

"மன்னிப்பு கேளுன்னு சொன்னேன்."

அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். லின்டா பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். டம்ளர் நிறைந்தும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சாரி அங்கிள்," என்றாள் அலீனா.

"பரவாயில்ல, பரவாயில்ல," என்றான் குரியாக்கோஸ். "குழந்தைங்கதானே. ஏதாவது சொல்லும்."

அந்தக் கடைசி வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். மற்றதெல்லாம் பயத்தில் வந்தது. அது மட்டும் பெருந்தன்மை வேஷத்தில் வந்தது. அடுத்த பல நாட்கள் அவன் தொண்டையில் முள்ளாக நின்றது அதுதான்.

ஞாயிறு மத்தியானம் பின்சி மேசையில் சோறு வைத்தாள். இவா தன் தட்டை எடுத்துக்கொண்டு கம்பளத்துக்குப் போனாள். விளம்பரத் தாள் ஒன்றை விரித்து அதன்முன் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"மேலே வா இவா," என்றான் குரியாக்கோஸ்.

"எனக்கு இங்கதான் பிடிச்சிருக்கு."

பின்சி யோஹானின் தட்டில் குழம்பை ஊற்றினாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் அவன் கோபப்பட்டிருக்கலாம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் இவா தரையில்தான் சாப்பிட்டாள். அக்காவைப் பார்த்து யோஹானும் இறங்கிப் போனான். எட்டுப் பேர் அமரும் மேசையில் குரியாக்கோஸ் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரும்போது இவா கேட்டாள். "அப்பா, பாவசங்கீர்த்தனத்துல பொய் சொன்னா அது பெரிய பாவமா?"

"ஆமா. செஞ்ச பாவத்தை அச்சன்கிட்ட ஒப்புக்கற இடம், அங்க பொய்யே சொல்லக்கூடாது. ஏன்?"

"சனிக்கிழமை அலீனாவுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். முதல்முதலா புதுநன்மை அப்பம் வாங்கறவங்க எல்லாருக்கும். மறக்காம இருக்கத் தாள்ல எழுதிட்டு வரணும்னு வேதபாட டீச்சர் சொல்லியிருக்காங்க. அவ மூணு எழுதியிருக்கா. மூணாவது, மேசை பத்திப் பொய் சொன்னது."

குரியாக்கோஸ் நின்றான்.

"அவ பொய் சொல்லலைல்ல அப்பா. அப்ப, பொய் சொன்னேன்னு அச்சன்கிட்ட சொன்னா, அதுதானே பொய்? அந்தப் பாவம் அவளுக்கா, எனக்கா?"

தெருவில் ஒரு வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றால் பதில் சொல்லவேண்டியிருக்குமே என்று குரியாக்கோஸ் பயந்தான். சத்தம் நின்றது. இவா அவன் கையிலிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டு, புத்தகப்பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவன் தனக்குத்தானே வாதாடினான். சின்னப் பிள்ளை, நாளைக்கே மறந்துவிடும். பாதிரியார் கேட்டுவிட்டுச் சிரித்து அனுப்பிவிடுவார். வாயைத் திறந்தால் பதினோரு வீட்டிலும் இரவுச் சாப்பாட்டுக்கு அவன்தான் தொட்டுக்கொள்ள. அங்கிருந்து போனில் கோட்டயத்துக்குப் போகும். ரப்பர் தோட்டத்து வரப்பில் அப்பாவை நிறுத்தி யாராவது விசாரிப்பார்கள். பனந்தோட்டத்து மகன் ஆஸ்திரேலியாவில் குப்பை பொறுக்குகிறானாமே. வாதம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொன்றின் முடிவிலும் அந்தப் பிள்ளை வரிசையில் நின்று, தான் செய்யாத ஒன்றைக் கடவுளிடம் ஒப்புக்கொண்டது.

சனிக்கிழமை காலை அவன் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டான். "இவா, வா," என்றான். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

கோயிலுக்குள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பக்கவாட்டு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு கையிலும் மடித்த தாள். பெற்றோர்கள் பின் பெஞ்சுகளில். தங்கச்சன் வாசலில் நின்று சத்தம் போடும் பிள்ளைகளை உருட்டி விழித்துக்கொண்டிருந்தார். அலீனா நான்காவதாக நின்றாள்.

குரியாக்கோஸ் நேராகச் சாஜனிடம் போனான். உட்காரவில்லை.

"சாஜா, அந்த மேசை உங்க மேசைதான். தெருவுலேர்ந்து எடுத்தேன். உன் மகள் பொய் சொல்லல."

அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பினார்கள். சாஜன் அவன் கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தான்.

"தெரியும் சேட்டா. விடுங்க. இதை எதுக்கு இங்க வந்து."

"தெரியுமா?"

"அந்த வெள்ளை வட்டம் நான் பிரியாணிச் சட்டி வச்சது," என்றாள் லின்டா, அவன் முகத்தைப் பார்க்காமல். "விரிப்பு விலகினப்பவே பாத்தேன். இவர்கிட்டயும் சொன்னேன். நீங்க அன்னைக்கு டீ குடிக்கும்போது அப்படிச் சொன்னீங்கல்ல. பத்துப் பேர் முன்னாடி உங்க மானம் போகவேண்டாம்னு."

குரியாக்கோஸுக்கு இப்போதுதான் புரிந்தது. யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான். சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டே சோற்றை அள்ளிப் போட்டு மூடியிருக்கிறார்கள். அவன் மானத்தைக் காப்பாற்ற இவர்கள் தங்கள் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கியிருக்கிறார்கள். அவனோ "பரவாயில்ல, குழந்தைங்கதானே" என்று அதையும் வாங்கிக்கொண்டான். தெருவில் எடுத்தது மேசை. சாஜன் வீட்டிலிருந்து இரவலாக எடுத்தது இந்த மானம்.

"உன் மகள் கையில இருக்கற தாளைப் பாத்தியா?" என்றான். "மூணாவதா அதைத்தான் எழுதியிருக்கா."

சாஜன் பார்த்திருக்கவில்லை. பாவம் எழுதிய தாளைப் பெற்றோர் பார்க்கக்கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தாள். அவன் வரிசைப் பக்கம் திரும்பினான். லின்டா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வரிசை நகர்ந்தது. அலீனா இப்போது மூன்றாவது. குரியாக்கோஸ் அவளிடம் போனான். இவா இரண்டடி பின்னால் வந்தாள். எட்டு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேராகப் பேசவேண்டுமானால் குனியத்தான் வேண்டும். அவன் குனிந்தான், போதவில்லை, ஒரு முழங்காலை ஊன்றினான்.

"அலீனா, அந்த மூணாவதை அடிச்சிடு மோளே. அன்னைக்குப் பொய் சொன்னது நான். இவாவைச் சொல்லவச்சதும் நான்தான்."

அவள் தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவனை நம்புவதா என்று யோசித்தாள். பின் பெஞ்சைப் பார்த்தாள். "பப்பா சொல்லட்டும்."

சாஜன் எழுந்து வந்துவிட்டிருந்தான். "அங்கிள் சொல்றது நிஜம்தான்மா. எனக்கும் தெரியும்."

"உங்களுக்கும் தெரியுமா?"

சாஜன் தலையசைத்தான். அலீனா தன் அப்பாவைப் பார்த்த பார்வையைக் குரியாக்கோஸ் பார்க்க விரும்பவில்லை. ஆனால் அவன் முகம் அதே உயரத்தில் இருந்தது. பார்க்கவேண்டியிருந்தது.

அவள் இவா பக்கம் திரும்பினாள். இவா தரையைப் பார்த்துக்கொண்டு, "சாரி," என்றாள். அலீனா சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். பெஞ்சில் தாளை வைத்து, மூன்றாவது வரியை ஒருமுறை அடித்தாள். மறுபடி அடித்தாள். எழுத்து தெரியாத அளவுக்கு அடித்தாள்.

"அங்கிள், என் பூனையை அழிச்சிட்டீங்களா?"

"சோப்புப் போட்டுத் தேய்ச்சேன். போகல."

"அது போகாது. அது பெர்மனன்ட் மார்க்கர்."

பாதிரியாரின் அறையிலிருந்து ஒரு பையன் வெளியே வந்தான். அடுத்தவன் உள்ளே போனான். இன்னும் ஒருத்திதான் அலீனாவுக்கு முன்னால். அவள் தாளைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"இப்ப ரெண்டுதான் இருக்கு. டீச்சர் மூணு யோசிச்சு எழுதச் சொன்னாங்க."

கொஞ்ச நேரம் பென்சிலின் முனையைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து எழுதினாள். கையால் மறைத்துக்கொள்ளவில்லை. பெரிய எழுத்து, முழங்காலிட்டிருந்தவனுக்கு நன்றாகவே தெரிந்தது. இவாவின் அப்பாமேல் ரொம்பக் கோபமாக இருக்கிறேன் என்று எழுதியிருந்தாள்.

எழுதிவிட்டு அவனைப் பார்த்தாள். "இது நிஜம்," என்றாள்.

"ஆமா," என்றான் குரியாக்கோஸ்.

அவள் முறை வந்தது. தாளை நான்காக மடித்துக்கொண்டு உள்ளே போனாள். குரியாக்கோஸ் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அவனைக் கடந்து போக வழியில்லாமல் வரிசையில் இருந்த மற்றப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் ஒதுங்கி வழிவிட்டு, வரிசையின் கடைசிக்கு நடந்து, முன்பல் விழுந்த ஒரு பையனுக்குப் பின்னால் போய் நின்றான்.